நால்வர் எழுதிய கடிதமும் சட்டக் கல்லூரியின் எழுத்துப் பாடமும்

சட்டக் கல்லூரியில் அரசியலமைப்பையோ ஒப்பந்தச் சட்டத்தையோ நடத்துகிற ஆசிரியரைப் பண்டிதர் என்றும், பிராதும் மனுவும் மேல்முறையீடும் எழுதக் கற்பிக்கிற ஆசிரியரை வக்கீல் குமாஸ்தாவுக்கு இரண்டு படி மேலானவர் என்றும் கருதும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ‘லீகல் ரைட்டிங்’ என்று வழங்கும் அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், அவர்களுக்குச் சம்பளம் குறைவாகவும் பதவி நிரந்தரமற்றதாகவும் நெடுங்காலம் இருந்து வந்தது என்பதும், அந்த ஆசிரியைகளே ஆராய்ந்து எழுதி உலகறியச் செய்த விஷயங்கள். எழுத்துக் கற்பிப்பது வீட்டு வேலையைப் போல யாரேனும் செய்துதான் தீரவேண்டிய, ஆனால் செய்தவருக்குப் புகழ் எதுவும் சேராத காரியமாக அங்கும் எண்ணப்பட்டது. இந்த மதிப்பீடு அடியோடு பிழையானது என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டுச் சட்டப் பேராசிரியை ஒருவருடைய வாழ்க்கையையும், அவர் பிறரோடு சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் நினைவுகூர்ந்தால் அதற்கு வேறு சாட்சியம் தேவைப்படாது.

லோத்திகா சர்க்கார் 1923-இல் பிறந்து 2013-இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று பெயர் பெற்ற அவர், அந்தப் பட்டத்தைக் கொண்டு வெளிநாட்டிலேயே கௌரவமாக வாழ்ந்திருக்கக்கூடும். அவரோ தாயகம் திரும்பி டில்லி சர்வகலாசாலையில் பல்லாண்டுகள் குற்றவியல் சட்டம் கற்பித்தார். 1971-இல் மத்திய சர்க்கார் நியமித்த பெண்கள் நிலை பற்றிய குழுவில் அங்கம் வகித்து, 1974-இல் முடிவுற்ற அதன் அறிக்கையை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். சட்டசபைகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்று குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தபோது, வீணா மஜும்தாருடன் சேர்ந்து அவர் எழுதிய மாறுபாட்டுக் குறிப்பு அந்த அறிக்கையிலேயே அச்சேறியிருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அவர்கள் கட்சி ஜயித்தது 2023-இல். அப்போது இருவரும் உயிரோடு இல்லை. 1980-இல் பெண்கள் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் டில்லியில் தோன்றியதிலும் இருவருக்கும் பங்குண்டு. இவையெல்லாம் வரலாற்றுக் குறிப்புகள். நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தைப் பற்றி.

1972 மார்ச் 26-ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் ஜில்லாவில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஓர் ஆதிவாசிப் பெண் வரவழைக்கப்பட்டாள். தாய் தந்தையற்றவள், கூலி வேலை செய்து பிழைத்தவள், மருத்துவர் கணிப்பின்படி அவளுக்கு வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையில். அவளை வேறொரு குடும்பத்தார் கடத்திக்கொண்டு போய்விட்டதாக அவளுடைய சகோதரன் கொடுத்த புகாரின்மேல் விசாரணை முடிந்து, எல்லோரும் புறப்படும் தறுவாயில் அவளை மட்டும் நிற்கச் சொன்னார்கள். உறவினர் வெளியே காத்திருக்க, உள்ளே விளக்கு அணைந்தது, கதவு சாத்தப்பட்டது. இரண்டு காவலர்மீது வழக்கு நடந்தது. அவள் ஏற்கெனவே ஒருவனோடு பழகியவள் என்பதைப் பெரிதுபடுத்தி 1974-இல் செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1976-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை அந்தத் தீர்ப்பைப் புரட்டி, அச்சத்தால் உடலைச் செயலற்று ஒப்புவிப்பது வேறு, மனமுவந்து சம்மதிப்பது வேறு என்று கூறி, ஒருவருக்கு ஐந்து வருஷமும் மற்றவருக்கு ஒரு வருஷமும் தண்டனை விதித்தது. 1978 செப்டம்பர் 15-ஆம் தேதி உச்சநீதிமன்றம் இருவரையும் மறுபடி விடுதலை செய்தது. துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு என்பது சட்ட ஏடுகளில் அவ்வழக்கின் பெயர். மூன்று நீதிபதிகள் கொண்ட அந்த ஆயத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து சென்ற பி. எஸ். கைலாசமும் ஒருவர்; தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோஷல்.

பத்திரிகைகளிலும் பாட நூல்களிலும் அவ்வழக்கு இன்றளவும் அந்தப் பெண்ணின் பெயராலேயே வழங்குகிறது. அப்பெயரை நான் இங்கே எழுதவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடலாகாது என்னும் விதி, அவள் வழக்கின் விளைவாக 1983-இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை அவ்வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டம் தெரியாதவர்கள் எழுதியதன்று. அதனாலேயே அது கவனித்துப் படிக்கத் தக்கது. உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை. கூச்சலிட்டதாகச் சொல்வது நம்பத் தக்கதன்று. மரணத்துக்கோ காயத்துக்கோ அஞ்சிச் சம்மதித்தாள் என்பதற்கும் நிரூபணம் இல்லை. ஆகவே குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று படிப்படியாக அது இறங்குகிறது. ஒவ்வொரு படியும் தர்க்கத்துக்குப் பொருந்துவதாகவே தோன்றும். நேரம் இரவு, இடம் காவல் நிலையம், எதிரே நின்றவர் சீருடையணிந்த காவலர், நின்றவள் எழுத்தறிவற்ற சிறுமி என்ற நான்கு விஷயங்களும் ஏட்டில் இருந்தும், தர்க்கத்துக்குள் மட்டும் நுழைய இடம்பெறாமல் வெளியிலேயே நிறுத்தப்பட்டன. சட்ட எழுத்தில் எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் ஒரு வாதமே என்று பெண்ணியச் சட்ட அறிஞர்கள் கூறிவருவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1979 செப்டம்பர் 16-ஆம் தேதியிட்டு, இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதப்பட்டது. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். நால்வரும் சட்டம் கற்றவர்கள். அவர்களில் ஒருவர்கூட அவ்வழக்கில் வக்காலத்து வாங்கியவர் அல்லர். எழுதும்படி அவர்களை எந்தக் கட்சிக்காரரும் அமர்த்தவில்லை. உச்சநீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு ஒன்றைக் கல்லூரி ஆசிரியர்கள் பகிரங்கமாகக் கடிந்து எழுதுவது அன்று வழக்கத்தில் இல்லை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டமோ புஸ்தகத்தில் உறங்காமல் விழித்தே இருந்தது.

சில பக்கங்களே கொண்ட அக்கடிதத்தைச் சட்ட மாணவர்கள் பென்சிலும் கையுமாகப் படிக்க வேண்டும் என்பேன். அதன் ஆசிரியர்கள் கோபத்தில் தொடங்கவில்லை. உயர்நீதிமன்றம் காட்டிய வேற்றுமையிலிருந்து தொடங்கினார்கள். சம்மதம் என்றால் அதில் பணிவு அடங்கியிருக்கலாம், ஆனால் பணிந்ததெல்லாம் சம்மதமாகிவிடாது என்ற சாதாரணமான சட்டக் கருத்தைத் தலைமை நீதிபதியின் முன் வைத்து, இதை உங்கள் சகாக்கள் ஏன் மறந்தார்கள் என்று கேட்டார்கள். அடுத்தபடி, பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிட்ட குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவையும், அந்தப் பிரிவை மீறிப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைப்பதை அதே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நந்தினி சத்பதி வழக்கில் கண்டித்ததையும் எடுத்துக் காட்டினார்கள். நீதிமன்றத்தின் வாக்கைக் கொண்டே நீதிமன்றத்தை மடக்கும் இந்த முறை ஆவேசத்தால் வருவதன்று. பல வருஷங்கள் தீர்ப்புகளை வரி வரியாகப் படித்து, மாணவருக்கு விளக்கி, அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கே அது கைவரும்.

சட்டத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர்கள் குரல் மாறுகிறது. மணமாகுமுன் ஒருவனோடு பழகினாள் என்பதால் காவலர் அவளை எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் வறுமை, வயது, சட்ட அறிவின்மை, காவல் நிலையத்தைக் கண்டு ஏழைகள் கொள்ளும் நடுக்கம் இவற்றில் ஒன்றேனும் தீர்ப்பில் பரிசீலிக்கப்படவில்லையே என்று வருந்துகிறார்கள். பிறகு மிகுந்த மரியாதையோடு ஒரு யோசனையும் சொல்கிறார்கள்: தலைமை நீதிபதியும் அவருடைய சகாக்களும் ஏழைகளின் கோலத்தில், இன்னார் என்று தெரிவிக்காமல், டில்லியை அடுத்த கிராமங்களில் உள்ள காவல் நிலையங்கள் சிலவற்றுக்குப் போய்வர வேண்டும் என்பது அந்த யோசனை. நகர சோதனைக்கு மாறுவேடத்தில் புறப்பட்ட ராஜாக்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு அதன் கூர்மை உடனே தைக்கும். ஏளனம் என்று குற்றம் சாட்டவும் இடமில்லை, ஏற்காமல் நகரவும் வழியில்லை. கடிதத்தின் முதல் பத்தியிலேயே அந்த யோசனை வந்திருந்தால் அது வெறும் குத்தலாகப் போயிருக்கும். சட்ட நியாயம் முழுவதும் கூறி முடித்த இடத்தில் வருவதால் அதற்குக் கனம் ஏற்படுகிறது. எதை முன்னே வைப்பது, எதைக் கடைசிவரை தேக்கி வைப்பது என்னும் இந்த விவேகத்தைத்தான் எழுத்துப் பாடம் கற்பிக்க வேண்டும்.

அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களை அது மாற்றவில்லை. மறுபரிசீலனை மனு தள்ளுபடியாயிற்று. விடுதலையான காவலர்கள் விடுதலையானவர்களாகவே இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த நியாயமும் கிட்டவில்லை. இதை மறைத்துக் கடிதத்தின் மகிமையைப் பேசுவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும். ஆனால் 1980 மார்ச் 8-ஆம் தேதி பம்பாயிலும் டில்லியிலும் வேறு நகரங்களிலும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள்; பலாத்காரச் சட்டத்தை ஆராய்ந்த சட்டக் கமிஷன் அதே வருஷம் தன் 84-ஆவது அறிக்கையை அளித்தது; 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண்ணைக் கெடுப்பது தனிக் குற்றமாகி அதற்குக் குறைந்தது பத்து வருஷத் தண்டனை என்றாயிற்று. அத்தகைய வழக்கில் பெண் தான் சம்மதிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னால் சம்மதமில்லை என்றே அனுமானிக்க வேண்டும் என்ற 114-ஏ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. பெண்ணின் நடத்தையைக் கிளறி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடங்கொடுத்த பிரிவு நீங்குவதற்கு மேலும் இருபது வருஷம் பிடித்தது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளலாகாது என்று சட்டப் புஸ்தகத்தில் எழுதப்பட்டது 2013-இல். அதாவது கடிதம் கேட்ட முதல் கேள்விக்குச் சட்டம் விடை எழுத முப்பத்து நான்கு வருஷங்களாயின.

இந்தத் திருத்தங்களால் எல்லாம் சீராகிவிட்டது என்று பெண்ணியச் சட்ட அறிஞர்களே ஒப்புக்கொள்வதில்லை. எண்பதுகளின் சட்டங்கள் அனைத்தையும் பரிசீலித்து 1992-இல் எழுதிய ஃபிளேவியா ஆக்னஸ், தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதால் பெண்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை என்று கடுமையாகவே கூறினார். அவர் சொன்னதில் உண்மை மிகுதி என்றே நான் கருதுகிறேன். கடிதத்தின் வெற்றி என்று சொல்லத் தக்கது, சம்மதம் என்பதைப் பற்றி நீதிமன்றங்கள் யோசிக்கும் முறையை மெல்ல மெல்ல அது திருப்பியதேயாகும்.

ஆசிரியரின் வேலை நடுநிலையில் நின்று விளக்குவது, ஒரு பக்கம் சார்ந்து மனத்தைத் திருப்ப முயல்வது வக்கீலின் வேலை என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நேர்மையான ஆட்சேபமே. ஆனால் தீர்ப்பு என்பதும் மனத்தைத் திருப்ப முயலும் எழுத்துத்தான் என்பதை அது மறந்துவிடுகிறது. இங்கிலாந்தின் பெண்ணியச் சட்டப் பேராசிரியைகள் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தாமே திருத்தி எழுதி 2010-இல் ஒரு தொகுதியாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் இருபத்தைந்தை இவ்வாறே திருத்தி எழுதிய தொகுதியைக் கேத்தரின் ஸ்டான்சி, லிண்டா பெர்ஜர், பிரிட்ஜெட் கிராஃபோர்டு என்னும் மூன்று பேராசிரியைகள் 2016-இல் பதிப்பித்தார்கள். இவர்களில் முதல் இருவரும் சட்ட எழுத்துக் கற்பிப்பதையும் வாதக் கலையையும் தம் ஆராய்ச்சித் துறையாகக் கொண்டவர்கள் என்பது கவனிக்கத் தக்கது. தீர்ப்பு எழுதப்பட்ட காலத்தில் இருந்த சட்டம், ஏட்டில் இருந்த உண்மைகள் இவற்றைத் தாண்டி எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு உட்பட்டே வேறு தீர்ப்பு எழுத முடிந்தது என்றால், பழைய தீர்ப்புச் சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் விளைந்ததா, எழுதியவரின் பார்வையால் விளைந்ததா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் இம்முயற்சியில் ஈடுபட்டவர்கள் இருக்கிறார்கள்.

எழுதினவருக்குப் புகழ் சேராத அவலத்துக்கு ஒரு மாற்றும் உண்டு. அமெரிக்காவில் இனப் பாகுபாட்டை ஒத்ததே பெண் பாகுபாடும் என்று பாலி மர்ரே என்னும் கறுப்பினச் சட்ட அறிஞர் 1965-இல் மேரி ஈஸ்ட்வுட்டோடு சேர்ந்து ஒரு கட்டுரையில் வாதாடினார். 1971-இல் ரீட் வழக்கில் உச்சநீதிமன்றத்துக்கு வாதவுரை எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க், அப்போது ரட்கர்ஸில் சட்ட ஆசிரியை; வாதவுரையின் முகப்பில், அதை எழுதுவதில் நேரடியாகக் கலந்துகொள்ளாத மர்ரேயின் பெயரையும் டாரதி கென்யனின் பெயரையும் ஆசிரியர் பெயர்களாகச் சேர்த்தார். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கப் பெண்ணைவிட ஆணுக்கே முன்னுரிமை என்ற ஐடஹோ மாகாணச் சட்டம் அவ்வழக்கில் வீழ்ந்தது. கருத்து யாரிடமிருந்து வந்தது என்பதை நீதிமன்றத்தின் ஏட்டிலேயே ஒப்புக்கொண்ட அந்தப் பண்பு ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

கடிதம் போட்ட பழக்கத்தை டில்லிப் பேராசிரியர்களும் விடவில்லை. 1981-இல் ஆக்ராவின் பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் நிலவிய அவலத்தைக் குறித்து பக்ஷியும் லோத்திகா சர்க்காரும் உச்சநீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றுக்கொண்டது. பொதுநல வழக்கு என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் முறை வேரூன்றியதில் அக்கடிதத்துக்கும் இடம் உண்டு. 1979-இன் கடிதத்தைப் பெற்ற தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட்; அவருடைய குமாரர் டி. ஒய். சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2023 ஆகஸ்டில், பெண்களைப் பற்றிய முன்முடிவுகளைத் தீர்ப்புகளிலிருந்து களைவதற்கு உச்சநீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவில், வீட்டில் உழைக்கும் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புக் கணக்கிட வேண்டும் என்று 2009-இல் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் தீர்ப்பெழுதிய நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவனும் இருந்தார்.

இனி நம் கல்லூரிகளுக்கு வருவோம். பார் கவுன்சில் 2008-இல் வகுத்த விதிகளின்படி வரைவு எழுதுதல் கட்டாயப் பாடம். வழக்குரைகளில் பதினைந்து பயிற்சிகளுக்கு 45 மதிப்பெண், பத்திரங்களில் பதினைந்து பயிற்சிகளுக்கு 45, வாய்மொழித் தேர்வுக்கு 10 என்று கணக்குத் தெளிவாகவே இருக்கிறது. நடைமுறையிலோ, மாதிரிப் படிவப் புஸ்தகத்திலிருந்தோ முந்தைய ஆண்டு மாணவரின் ரிக்கார்டு நோட்டிலிருந்தோ முப்பது பயிற்சிகளையும் பார்த்து எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குவதே பல இடங்களில் பாடமாக முடிகிறது. விவாகரத்து மனுவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் உள்ள வேற்றுமையை மாணவன் அதில் தெரிந்துகொள்கிறான். மறுக்க முடியாத ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது என்பதையோ, தன் கட்சிக்காரி சொல்லாமல் விழுங்கிய விஷயத்தை எப்படிக் கேட்டு எழுதுவது என்பதையோ தெரிந்துகொள்வதில்லை. எண்பது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு கௌரவ விரிவுரையாளரை அமர்த்திவிட்டு அவர் ஒவ்வொருவரின் எழுத்தையும் திருத்தித் தருவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

கீழ் நீதிமன்றங்களில் வழக்கு நடப்பது தமிழில்; அங்கே போகப்போகும் மாணவருக்குத் தமிழில் வாதம் எழுதும் பயிற்சி இன்னும் அவசியம். சென்னையிலுள்ள நம் சட்டப் பல்கலைக்கழகத்தின் பாடக் குழுவினருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: 1978-ஆம் வருஷத்து அந்தத் தீர்ப்பையும், அதற்கு நால்வர் எழுதிய கடிதத்தையும் நல்ல தமிழில் பெயர்த்து, பெண்ணின் பெயரை நீக்கி, முதல் வருஷ மாணவர் கையில் கொடுங்கள்; அதைப் படித்தபின் அவர்களையே ஒரு மாற்றுத் தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள்; எழுதியதை வாங்கித் திருத்தித் திரும்ப எழுத வைக்கும் ஆசிரியருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறவருக்குள்ள நிரந்தரப் பதவியையும் அதே சம்பளத்தையும் அளியுங்கள்.